பெயரும் ஒலியும்

மனிதர் தம் ஊரைவிட்டுப் பெயருங்கால் உடைமைகளுள் பலவற்றை விட்டுச் செல்வர். பெயர் ஒன்றை மட்டும் தவறாது உடன்கொண்டு செல்வர். ஆயின் எல்லை கடந்த அளவிலே அப்பெயரும் தன் உருவை இழக்கத் தொடங்குகின்றது. பிறமொழியாளர் காதில் ஒருவாறு விழுந்து, அவர் நாவில் வேறொருவாறு புரண்டு, அவர் ஏட்டில் மற்றொருவாறு அமர்கின்றது. நாளடைவில் பெற்றோர் இட்ட பெயர் இதுதானோ என்று உடையவரே ஐயுறும் நிலை வந்துறுகின்றது. இம்மாறுதல் எவ்வாறு நிகழ்கின்றது, இதனால் விளையும் நன்மை தீமை யாவை என்பவற்றை, யான் கண்டும் கேட்டும் படித்தும் அறிந்த அளவில் ஈண்டுக் கூற விழைகின்றேன்.

யான் வாழும் ஊர் முட்டுக்காடு. சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கு வடபால், உப்பங்கழி கடலோடு கூடும் இடத்தில் அமைந்துள்ளது. 1984-இல் அமைந்த படகுத் துறையாலும், 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா என்னும் கலைக்கூடத்தாலும் அதனைப் பலரும் அறிவர். சாலையோரத்துப் பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயரும், அதன்கீழ் ஒன்பது ஆங்கில எழுத்துக்களால் அமைந்த பெயரும் காணப்படும். தமிழ் கற்றவர்க்கு முதல் வரியில் ஐயமில்லை. இரண்டாம் வரியையே நம்பும் வெளியூராரோ படும் பாடு சிறிதன்று. ஆங்கில நெடுங்கணக்கு நம் டகரத்தையும் தகரத்தையும் பிரித்தறியாது. குறில் நெடில் வேறுபாட்டையும் காட்டாது. ஆதலின் ஒருவர் 'முத்துக்காடு' என்பர். மற்றொருவர் 'முட்டுக்கடு' என்பர். ஆட்டிறைச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வந்த வடநாட்டு நண்பர் ஒருவர் 'மட்டுக்காடு' என்றே துணிந்து கூறினார். முட்டு என்பது தடையையும் தாங்குகோலையும் குறிக்கும். முத்து என்பது கடல்படு மணி. ஓரெழுத்து மயங்கின் பொருளே மாறுகின்றது. அழகுபற்றி முத்தை விரும்புவார் விரும்புக. எம் ஊர்ச் செம்படவர் வாயில் முட்டே வழங்குகின்றது.

எம் ஊரைக் கடந்து தென்றிசை நோக்கிச் செல்லுங்கால், இக்கடற்கரை முழுவதுமே பெயர் மாற்றத்தின் கண்காட்சியாக விளங்குதல் காணலாம். முதலில் எதிர்ப்படுவது கோவளம். ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட நெதர்லாந்திலிருந்து 1722-இல் உரிமைப் பட்டயம் பெற்று வணிகம் செய்த ஆஸ்டெண்டுக் கும்பினியார் இதனைக் 'காபெலோன்' என எழுதினர். அவர் ஏட்டில் நம் வகரம் பகரமாயிற்று. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பெயரால் இதற்குச் 'சாதத் பந்தர்' என்னும் பெயரும் வழங்கிற்று. 1752-இல் கிளைவ் இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயர் இதனைக் 'கோவ்லாங்' என்றனர். கேரளத்திலும் கோவளம் என்றோர் ஊர் உண்டு. குமரி முனைக்கருகிலும் உண்டு. இவற்றை வேறு பிரித்தற்கு அப்பிழை வடிவமே இன்றும் பயன்படுகின்றது என்பது வியப்பன்றோ? சிதைவும் ஒரோவழி அடையாளம் ஆதல் உண்டு.

அப்பால் மாமல்லபுரம். முதலாம் நரசிம்மவர்மனது மாமல்லன் என்னும் விருதுப்பெயர் பெற்ற ஊர், மக்கள் வாயில் மாவலிபுரம் ஆகி, மகாபலிச் சக்கரவர்த்தியின் கதையோடு பிணைந்து மகாபலிபுரம் ஆயிற்று. 1788-இல் வெளியான ஆசிய ஆராய்ச்சிக் கோவையில் சேம்பர்ஸ் என்பார் எழுதிய கட்டுரையிலும் மாவலிபுரம் என்னும் வடிவமே உள்ளது. அதற்கும் தெற்கே சதுரங்கப்பட்டினம், ஒல்லாந்தர் கோட்டை கட்டி வாழ்ந்த துறைமுகம். ஐரோப்பியர் அந்நெடும் பெயரைச் 'சத்ராஸ்' எனச் சுருக்கினர். 1782-இல் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் அக்கடலில் பொருத போர் அப்பெயராலேயே வரலாற்றில் நின்றது. மேற்கே செங்கழுநீர்ப்பட்டு எனப்பெற்ற ஊர், செங்கற்பட்டு ஆகி, ஆங்கிலத்தில் 'சிங்கிள்புட்' ஆயிற்று. 2019-இல் தனி மாவட்டமாகப் பிரிந்தபொழுது தமிழொலிக்கு அணுக்கமான வடிவே வழக்கில் இருந்தது. ஒரு நாள் வழிநடையில் கடக்கத்தக்க இச்சிறு கரையில் இத்துணை வேற்றுருவம் காண்கின்றோம்.

நிற்க. இவ்விடர் நமக்கே உரியதன்று. ஐரோப்பாக் கண்டத்தில் இதனை மிகுதியும் துய்த்தவர் போலந்து நாட்டினர். அவர் மொழி உரோம எழுத்தாலேயே எழுதப்படுவது. எனினும் அவ்வெழுத்துக்களுக்கு அவர் கொடுக்கும் ஒலி, ஆங்கிலேயர் கொடுக்கும் ஒலியன்று. 'டபிள்யூ' அவர்க்கு நம் வகரம். குறுக்குக் கோடிட்ட 'எல்' அவர்க்கு ஆங்கில 'டபிள்யூ'வின் ஒலி. 'எஸ்' 'இஸட்' இரண்டும் இணைந்தால் ஷகரம். அந்நாட்டுத் தலைநகரை அந்நாட்டார் 'வர்ஷாவா' என்பர். செருமானியர் 'வார்ஷௌ' என்பர். பிரெஞ்சுக்காரர் 'வர்சோவி' என்பர். ஆங்கிலேயர் 'வார்சா' என்பர். நாம் ஆங்கிலேயர் வழி நின்று வார்சா என்றே எழுதிவருகின்றோம். வூச் என்று அவர் கூறும் நகரத்தை நம் நூல்கள் லோட்ஸ் என்கின்றன. அவர் சொல்லுக்கும் நம் சொல்லுக்கும் ஓரொலியும் பொது இல்லை!

1473-இல் பிறந்து, ஞாயிற்றை நடுவே நிறுத்தி வானியலைத் திருத்திய அறிஞரை அவர் நாட்டார் கோப்பெர்னிக் என்பர். அவர் இலத்தீனில் நூலெழுதினமையின் இலத்தீன் விகுதி பெற்றுக் கோபர்நிக்கஸ் ஆகி நம் பாடநூலுட் புகுந்தார். 1903-லும் 1911-லும் நோபெல் பரிசு பெற்ற அம்மையார் மரியா ஸ்க்வோடோஃப்ஸ்கா, பிரான்சு நாட்டில் மணம்புரிந்து மேரி கியூரி ஆனார். பிறந்த வீட்டுப் பெயரைப் பிறர் நாவு தாங்காது என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் தம் கையொப்பத்தில் அதனை விடாது பேணினார். 1898-இல் தாம் கண்டறிந்த தனிமத்துக்குத் தாய்நாட்டின் பெயரால் பொலோனியம் என்று பெயரிட்டார். அக்காலை உலகப் படத்தில் போலந்து என்றொரு தனிநாடு இல்லை. அதனை மூன்று பேரரசுகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. படத்தில் இல்லாத நாட்டின் பெயர் வேதியியல் அட்டவணையில் ஏறிற்று. பெயர் வெறும் ஒலியன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று யாது வேண்டும்?

போலந்துப் பெயரொன்று நம் சென்னைக்கும் வந்துள்ளது. வாண்டா என்னும் இயற்பெயருடைய போலந்து அம்மையார் ஒருவர் 1935-இல் இந்தியா போந்து, உமாதேவி என்னும் பெயர் பூண்டு, 1944-இல் சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்னும் பதிப்பகத்தை நிறுவினார். இந்திய நூல்கள் பலவற்றைத் தம் தாய்மொழிக்குப் பெயர்த்தளித்து 1971-இல் மறைந்தார். அவர் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதுவோர் 'டைனோவ்ஸ்கா' என்பர். போலந்து மொழியில் அவ்வொலி அவ்வாறன்று. அதன் முதலசையிலுள்ள உயிர் இகரமும் அன்று, ஐகாரமும் அன்று. இதழ் குவியாமல் ஒலிக்கும் நம் குற்றியலுகரத்தை ஓரளவு ஒத்தது. ஆங்கில எழுத்தைக் கண்ணாற் கண்டு படித்தமையால், நம் மொழியிலேயே உள்ள ஒலியொன்றை விடுத்து நம்மிடம் வாராத ஒலியைத் தேடிக்கொண்டோம். அவர்க்குத் துணைநின்ற மோரிசு ஃபிரீட்மன் என்பாரின் பெயரும் இத்தகையதே. செருமானிய வழிப் பெயரைப் போலந்து எழுத்தில் எழுதி, ஆங்கில ஒலியில் படித்து, அதன்பின் இந்தியாவில் அவரைப் பாரதானந்தர் என்று அழைத்தனர். உமாதேவி, பாரதானந்தர் என்னும் பெயர்களை எழுதுவதில் நமக்கு இடரில்லை. ஆயினும் அவர்தம் தாயர் அழைத்த பெயர்கள் அவை அல்லவே.

இனி, பிறர் பெயரை எழுதுவதற்கு இரண்டு நெறிகள் உள. எழுத்தை அப்படியே பெயர்த்து, ஒலி கெடினும் கெடுக என விடுவது ஒன்று. ஒலியைக் கேட்டு, நம் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் இயைய அமைத்துக்கொள்வது மற்றொன்று. லித்துவேனியரும் லாத்வியரும் இரண்டாம் நெறியைக் கடைப்பிடிப்பவர். 1798-இல் தோன்றிய போலந்துப் பெரும்புலவர் மித்ஸ்கியேவிச், லித்துவேனியர் நூலில் மித்ஸ்கேவிச்யுஸ் ஆவர். லாத்வியர் நூலில் மித்ஸ்கேவிச்ஸ் ஆவர். ஆங்கில நாடகப் பெரும்புலவரை லாத்வியர் 'ஷெக்ஸ்பீர்ஸ்' என எழுதுவர். இது கேட்டு நகைப்பார் இருப்பின், நம் முன்னோர் அவரைச் செகப்பிரியர் என்றதை நினைவுகூர்க. வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்துக எனத் தொல்காப்பியர் விதித்ததும் இந்நெறியே. அதன்படியே இலட்சுமணனை இலக்குவன் என்றும், விபீஷணனை வீடணன் என்றும் கம்பர் காட்டினார். அவர்கள் அயலார்போல் தோன்றாது நம் வீட்டு மக்கள்போல் ஆனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயின் காவிய மாந்தர்க்கு இனிதாம் நெறி, உயிரோடுள்ள மாந்தர்க்கு எப்பொழுதும் இனிதாம் என்று கூறவியலாது. லித்துவேனியாவில் போலந்து மொழி பேசுவோர் சிறுபான்மையினராக வாழ்கின்றனர். அந்நாட்டு ஆவணங்களில் அவர் பெயர் லித்துவேனிய எழுத்துமுறையாலேயே எழுதப்பட்டு வந்தது. அம்மொழியின் நெடுங்கணக்கில் 'டபிள்யூ' இல்லை. தம் பெயரைத் தம் முன்னோர் எழுதியவாறே எழுதுக எனக் கேட்டு ஓர் அம்மையார் தொடுத்த வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. பேரிடர் விளையாதவிடத்து அரசு தன் மொழியின் எழுத்துமுறையைக் காத்துக்கொள்ளலாம் என்னும் கருத்துப்பட 2011-இல் தீர்ப்பு வந்தது. பின்னர் 2022-இல் லித்துவேனிய அரசே சட்டம் இயற்றி, 'டபிள்யூ' முதலிய மூன்றெழுத்துக்களை ஆவணங்களில் ஏற்றுக்கொண்டது. குறிகள் பெற்ற போலந்து எழுத்துக்களோ அதிலும் இடம்பெறவில்லை. ஓரெழுத்துக்காக இத்துணை ஆண்டு வழக்காடுவரோ எனின், தன் பெயர் தன் கடவுச்சீட்டில் வேறொருவர் பெயர்போல் நிற்கக் கண்டவர்க்கே அதன் அருமை புலனாகும்.

இக்கல்லூரியிற் பயின்ற நமக்கு, செவிவழி வந்த பெயர்களின் சிறப்பை வெளியே தேட வேண்டுவதில்லை. போர்த்துக்கேயர் வாயிலாக வந்த புனிதர் பெயர்களை நம் கடற்கரை மக்கள் ஏட்டிற் கண்டு கற்றவரல்லர். காதாற் கேட்டுக் கொண்டவர். அதனாலேயே ஒரே யோசேப்பு ஓரிடத்தில் சூசை ஆனார். யாக்கோபு சந்தியாகு ஆனார். சேவியர் சவேரியார் ஆனார். பேதுருவும் பவுலும் பெயரே மாறி இராயப்பரும் சின்னப்பரும் ஆயினர். செருமானியர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வாழ்ந்தமையின் நம் நாவுக்கேற்ற பெயர் பெற்றார். இத்தாலியர் பெஸ்கியை ஆங்கில எழுத்திற் காண்போர் 'பெஸ்சி' என்று மயங்குவர். தமிழர் பெஸ்கி என்றே சரியாக வழங்கினர். அதற்கும் நிறைவுறாது வீரமாமுனிவர் என்று போற்றினர். கோவளத்துக் கார்மேல் மாதா கோயிலோடு தொடர்புடைய டி மான்டே என்னும் வணிகர் பெயர், சென்னையில் டிமான்ட்டி ஆகி, 2015-இல் ஒரு திரைப்படத்தின் தலைப்பிலும் ஏறிற்று. செவிவழி வந்தவை உருமாறினும் உயிர்மாறவில்லை.

நம்மவர் பெயர்கள் கடல் கடந்த வரலாறோ இத்துணை இன்பந் தருவதன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையினின்று சென்றோரை ஏற்றிய 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் சென்றோர் பெயரெல்லாம், தமிழறியாத எழுத்தர் கையால் பதிவேட்டில் ஏறின. முதலி 'மூட்லி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். முத்துசாமி என்னும் ஒரே பெயரில் உகரத்தை ஆங்கிலக் குடியேற்றங்களில் இரட்டை 'ஓ'வாலும், பிரெஞ்சுத் தீவுகளில் 'ஓ' 'யூ' இரண்டாலும் எழுதினர். ஒரு பாட்டனின் பேரர்கள் இரு தீவுகளில் இரு குடும்பத்தார்போல் ஆயினர். மலேயாவுக்குச் சென்ற இலட்சுமி 'லெட்சுமி' ஆனாள். நாட்டுப்புறத்தார் வாயொலியை அவ்வெழுத்தர் ஒருவாறு சரியாகவே கேட்டார் போலும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், டர்பன் நகரினின்று முதியவர் ஒருவர் எம் ஊர்ப் படகுத் துறைக்கு வந்தார். அவர் கையில் கப்பற் பதிவேட்டின் படி ஒன்று இருந்தது. அவருடைய பாட்டியின் தந்தையார் பெயர், அகவை, உடலிலுள்ள வடு, ஜில்லா, ஊர் ஆகியவை அதில் கண்டிருந்தன. ஜில்லா 'சிங்கிள்புட்'. ஊரின் பெயரோ எங்கள் ஊரின் ஆங்கில எழுத்துக்களில் இரண்டு குறைந்தும் ஒன்று மாறியும் இருந்தது. முன்பே அதனை எவரோ 'முத்துக்காடு' எனப் படித்துக் காட்ட, அவர் இரண்டு நாட்களாக முத்துக்காட்டை வினவித் திரிந்தவர். தமிழில் அவருக்கு ஒரெழுத்தும் தெரியாது. பேச்சிலும் சமையற்கட்டுச் சொற்கள் சிலவே எஞ்சியிருந்தன.

"ஐயா, தங்கள் பாட்டியார் அவ்வூரின் பெயரை எப்பொழுதேனும் வாயாற் சொல்லக் கேட்டதுண்டோ?" என்று வினவினேன். அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்பு, சிறுவயதில் தாம் அடம்பிடித்த போதெல்லாம் அம்மூதாட்டி, தம் தந்தையின் ஊர்ப்பிள்ளைகள் இப்படிச் செய்யார் என்று அவ்வூரின் பெயர் சொல்லிக் கடிவார் என்றார், சொல்லியும் காட்டினார். நாவின் நுனி மேலண்ணத்திற் சென்று மடிந்து பொருந்த, 'முட்டு' என்றே அது பிறந்தது. ஆங்கிலமே பேசி வாழ்ந்த அம்முதியவர் வாயில், மூன்று தலைமுறை கடந்தும் அந்த டகரம் தேயாமல் இருந்தது. கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி அவர் சொன்னது கேட்டு, "இதுதான் முட்டுக்காடு, வேற எந்த ஊரத் தேடுற?" என்றாள். அவர் அவளை மீண்டும் அப்பெயரைச் சொல்லுமாறு வேண்டினார். அவளும் சொன்னாள். மூன்றாம் முறையும் வேண்டினார். அவள் நகைத்துக்கொண்டே மறுபடியும் சொன்னாள்.

அவர் முன்னோர் ஊர் இதுவே என்று துணிதற்கு அவ்வொன்று மட்டும் போதிய சான்றாகாது என்பதை அவர்க்கு எடுத்துரைத்தேன், அவரும் ஒப்பினார். எனினும் தாளில் இருந்த பெயரால் இரண்டு நாள் அலைந்தவர்க்குச் செவியில் இருந்த பெயர் ஒரு கணத்தில் வழிகாட்டிற்று என்பதை மறுத்தல் இயலாது.

இத்தகைய இடர்களைக் களையவேண்டி, 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தமிழ்நாட்டு அரசு, 1018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்திலும் தமிழொலிக்கு ஏற்ப எழுதுமாறு ஆணை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆயின் வேலூரின் ஏகாரத்தைக் காட்ட வேண்டி இரட்டை 'இ' இட்டமையின், ஆங்கில மரபறிந்தார் அதனை வீலூர் எனப் படித்தனர். கோயம்புத்தூரின் இரட்டைத் தகரத்துக்கு இட்ட எழுத்துக்களோ எண்ணி மாளாதன. பலரும் குறைகூறவே, சின்னாட்களில் அரசு அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. இதனால் அறியத்தக்கது யாதெனின், இருபத்தாறு எழுத்தால் நம் ஒலி முழுவதையும் காட்டல் எவராலும் இயலாது என்பதே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியார் ழகரத்தை 'எல்'லின் கீழ்க் கோடிட்டுக் காட்டினர். அறிஞர்க்கு அது போதும். பேருந்து நிலையத்திற் பலகை காண்பார்க்கு அக்கோடு பயன்படாது. 'இஸட்' 'எச்' என எழுதினாலோ வடநாட்டார் அதனை வேறொலியாக்குவர். போலந்தினரின் குறுக்குக் கோட்டு 'எல்'லும் நம் ழகரமும் இவ்வகையில் உடன்பிறந்தார் எனலாம்.

ஆகவே, யாது செய்தல் தகும்? என் சிறு மதிக்கு எட்டியவற்றைக் கூறுவேன். முதலாவது, ஆங்கில எழுத்தில் பெயரை எவ்வாறேனும் ஒருமுறை வரையறுத்துக்கொண்டு, பள்ளிச் சான்றிதழ் முதல் கடவுச்சீட்டு ஈறாக அதனை மாற்றாது பேணுதல் வேண்டும். அது முகவரியேயன்றி ஒலியன்று. இரண்டாவது, அதன் அருகே தமிழெழுத்தில் பெயர் இருத்தல் வேண்டும். ஊரின் பெயரும் அவ்வாறே. அயல்நாடு செல்வோர் தம் மக்கட்கு வேறொன்றும் கற்பிக்க இயலாதாயினும், தம் ஊரின் பெயரைத் தமிழில் எழுதவும் வாய்விட்டுச் சொல்லவும் கற்பிப்பாராக. மூன்றாவது, பிறநாட்டார் பெயரை நாம் எழுதப் புகுங்கால், ஆங்கில ஏட்டை மட்டும் நோக்காது, அந்நாட்டார் அதனை எங்ஙனம் ஒலிக்கின்றனர் என்று ஒருமுறை கேட்டு எழுதுதல் வேண்டும். முன்னாளில் அது அரிது. இந்நாளில் கையிலுள்ள கருவியே எந்நாட்டார் குரலையும் கேட்பிக்கின்றது. ஒலி முழுவதும் நம் எழுத்தில் அமையாதொழியினும் குற்றமில்லை. சவேரியாரும் செகப்பிரியரும் அதனால் சிறுமையுற்றாரல்லர்.

மாணவ நண்பர்காள்! உங்கள் வகுப்பிலேயே ஒலித்தற்கரிய பெயருடையார் ஒருவர் இருக்கக்கூடும்: மணிப்பூரினின்றோ மிசோரத்தினின்றோ ஆப்பிரிக்க நாடொன்றினின்றோ வந்தவராக இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் கண்டவாறு அழைப்பதோடு அமையாது, உம் பெயரை உம் வீட்டார் எங்ஙனம் அழைப்பர் என்று அவரை வினவுங்கள். அவர் சொல்லுவதைச் செவிகொடுத்துக் கேளுங்கள். அவ்வண்ணமே சொல்ல முயலுங்கள். முதல்முறை தவறும்; மூன்றாம் முறை அமையும்.